கதவைத் திறக்கும்போது சிரிக்கவும்

துணைத் தலைவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான்: அவர் எதற்கும் தலைவர் ஆனதில்லை. குடியிருப்போர் சங்கத்தில் துணைத் தலைவர், நூலகக் குழுவில் துணைத் தலைவர், இறகுப்பந்து ஆடத் தெரியாமலே இறகுப்பந்துக் கழகத்திலும் துணைத் தலைவர். குடிநீர் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றதுகூடத் துணை மேலாளராகத்தான். கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு இதெல்லாம் பெருமையாக இருந்தது. இப்போது யாராவது வாசலில் வந்து "தலைவர் இருக்காரா?" என்று கேட்டால், "தலைவர் நான்தான், துணை உள்ள பேப்பர் படிச்சிட்டிருக்காரு" என்கிறாள்.

அவர்களுக்கு ஒரே மகன். பட்டாளத்தில் சேர்ந்து, கடல்கடந்த ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு சண்டையை நிறுத்தி வைப்பதற்காகப் போயிருந்தான். அதே படைப்பிரிவில் அந்த ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். எல்லாரும் வேலை முடிந்து ஒன்றாகத் திரும்புகிறார்கள் என்று சேதி வந்ததும் ஊர் விழித்துக்கொண்டது. அன்று மாலையே வரவேற்புக் குழு அமைந்துவிட்டது. டைல்ஸ் கடை முதலாளி தலைவர், பல் டாக்டர் செயலாளர். துணைத் தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குழு என்ன செய்தது என்று சொல்வதற்கு முன்னால் ஒரு காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பட்டாள அலுவலகத்தின் கார் அது. சாம்பல் நிறம், முன்னால் கையகலத்தில் ஒரு கொடி. பிள்ளைகள் போனபிறகு அது ஊருக்குள் இரண்டு தடவை வந்திருக்கிறது. வேகமாக வராது. வீட்டு எண்களைப் பார்த்தபடி ஊர்ந்துதான் வரும். ஓட்டுநர் தவிர உள்ளே சீருடையில் இரண்டு பேர். போன் பண்ண மாட்டார்கள், கடிதம் போட மாட்டார்கள், வழியில் யாரிடமும் வந்த காரியத்தைச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர்களிடம் மட்டும், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நேருக்கு நேர் நின்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போனபின் அந்த வீட்டில் ஓர் ஆள் எப்போதைக்குமாகக் குறைந்திருப்பான்.

முதல் தடவை மருந்துக்கடைச் சந்துக்கு வந்தது. இரண்டாவது தடவை பின்தெருவுக்கு. அன்றைக்கு வழி கேட்பதற்காக ஒரு வாசலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்கள். அந்த வீட்டம்மா வழி சொல்வதற்கு முன்பே சுருண்டு விழுந்துவிட்டாள். இத்தனைக்கும் அவள் மகன் பட்டாளத்திலேயே இல்லை, வங்கியில் இருந்தான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அதைக் கார் என்று சொல்வதில்லை. 'அது' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. தன்னிடமும் சாம்பல் நிறக் கார் வைத்திருந்த பல் டாக்டர், தெருவுக்குள் நுழைந்தாலே சன்னல்கள் சாத்தப்படுவதைப் பார்த்துவிட்டு, ஒரே வாரத்தில் அதற்குச் சிவப்பு அடித்துவிட்டார்.

துணைத் தலைவருக்கும் அதென்றால் குலை நடுங்கும். யாரிடமும் சொன்னதில்லை. காலையில் எழுந்ததும் பல் துலக்கிக்கொண்டே சன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்ப்பார். பேப்பர் படிக்கும்போது ஏதாவது வண்டி மெதுவாகப் போனால், வேகமாகப் போய்த் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சுவார். கூட்டம் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அந்தப் பயம் கொஞ்சம் விலகி நிற்கும். அதனால்தானோ என்னவோ, அவர் நிறையக் கூட்டம் போட்டார்.

டைல்ஸ் கடை மாடியில் நடந்த முதல் சில கூட்டங்கள், அழைப்பிதழில் தலைவரின் படம் எந்த அளவு இருக்க வேண்டும் என்பதிலேயே கழிந்தன. அடுத்த கூட்டத்தில் துணைத் தலைவர் எழுந்தார். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோல் கொஞ்சம் குனிந்துதான் பேசுவார்.

"அழைப்பிதழ யார் வேணா குடுக்கலாம். நம்ம ஊரு அதோட நிக்கலாமா? பட்டாளத்து அதிகாரிகளே சீருடையில, அவங்க கார்லயே, வீரர்களோட வீடு வீடா வந்து குடுக்கணும். அதுதான் மரியாதை. என்ன சொல்றீங்க?"

"பிரமாதம்! இது என் மனசுலயே இருந்தது," என்றார் தலைவர். துணைத் தலைவர் சொல்லும் நல்ல யோசனைகள் எல்லாமே தலைவரின் மனதில் ஏற்கெனவே இருந்தவைதான்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், அது வேணாம்."

டிரைவிங் ஸ்கூல் அம்மா. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மறுகையால் டீ குடிப்பாள். புருஷன் இல்லாமல் ஒரே மகனை வளர்த்து ஆளாக்கியவள். அவனும் அதே படைப்பிரிவில்தான். துணைத் தலைவருக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். துணைத் தலைவர் அவளிடம் கற்றுக்கொண்டு, ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவர்.

"எது வேணாம்மா?"

"அதான் சார். அது. அழைப்பிதழ ஒரு ஆளு சைக்கிள்ல வந்து போட்டுட்டுப் போகட்டும். கதவிடுக்குல சொருகினாலும் சரி. அது எங்க தெருவுக்குள்ள வர வேணாம்."

அந்த இடத்தில் துணைத் தலைவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கும் துணைத் தலைவரை உட்கார வைக்க அவர் மனைவியால் மட்டுமே முடியும். அவள் அன்றைக்கு வரவில்லை.

"அம்மா, பயத்தப் பாத்து ஓடினா பயம் போகாது. அதே கார். அதே சீருடை. ஆனா வர்றது நல்ல சேதி. சிரிச்ச முகமா ஒரே ஒரு தடவை கதவத் திறந்து பாருங்க, பழைய ஞாபகமெல்லாம் தானா அழிஞ்சுபோயிடும். இதுக்குப் பேரு உளவியல்."

உளவியல் என்ற சொல்லுக்குக் கைதட்டல் கிடைத்தது.

"நீங்க ரிவர்ஸ் எடுக்கும்போதும் இப்படித்தான் சார்," என்றாள் அவள். "பின்னால திரும்பிப் பாக்காம பேசிக்கிட்டே போவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். துணைத் தலைவரும் சிரித்தார். தீர்மானம் நிறைவேறியது. பட்டாள அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டதில், கார் வரும் நாள் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடுகிற குழு இல்லை அது. ஊர்வலம் வரும் தெருக்களெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று, எல்லா வீட்டு முன்சுவருக்கும் ஒரே வெளிர் மஞ்சளை அடித்தார்கள். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் வீட்டு எண்ணையும் சேர்த்தே அடித்துவிட்டார்கள். "கவலைப்படாதீங்க, 'வீரர் இல்லம்'னு பித்தளைப் பலகை வருது, அதுலயே நம்பரும் போட்டுடலாம்," என்றார் தலைவர். பலகை வரவில்லை. தபால்காரர் இரண்டு நாளாக ஒரு வீட்டுக் கடிதத்தை இன்னொரு வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து ஒத்திகை. பல் டாக்டரின் சிவப்புக் காரில் ஒரு கொடியைக் கட்டி, தலைவரும் டாக்டரும் உள்ளே உட்கார்ந்து, வீரர்களின் வீடு வீடாகப் போனார்கள். துணைத் தலைவர் முன்னால் நடந்தார். கார் வந்து நிற்கும், மணி அடிக்கும், வீட்டுக்காரர்கள் கதவை விரியத் திறந்து சிரிக்க வேண்டும். போட்டோக்காரர் அங்கேதான் படம் எடுப்பார். சிரிப்பை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு, நியாயமாகவே, பல் டாக்டருக்கு. "பல்லு தெரியட்டும், ஈறு தெரிய வேணாம்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

துணைத் தலைவரின் மனைவி முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் அம்மா வீட்டில்தான் சிக்கல். முதல் தடவை மணி அடித்தபோது கதவே திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தது, ஆனால் அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. படியில் கால் வைக்காமல் நிலையைப் பிடித்தபடியே நின்றாள்.

"நம்ம டாக்டர்தாம்மா. அவரு கார்தான்."

"தெரியுது சார். கண்ணுக்குத் தெரியுது. காலுதான் கேக்க மாட்டேங்குது."

"இன்னொரு தடவை பாத்துடலாம்."

"விட்டுடுங்களேன் சார்."

"நான் ரிவர்ஸ் எடுக்கும்போது நீங்க என்னை விட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவள் கட்டுப்பட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மணி அடித்தது. மூன்றாவது தடவை கதவு விரியத் திறந்தது, அவள் சிரித்தாள். டாக்டர் தலையசைத்து ஆமோதித்தார். துணைத் தலைவர் தெருவில் நின்றபடியே கைதட்டினார். ஒரு மனுஷியின் பயத்தைத் தன் சொந்த முயற்சியால் ஒழித்துவிட்ட பூரிப்பில் அன்றைக்கு அவருக்கு நன்றாகப் பசித்தது.

மகன் கடைசியாகப் பேசியது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. "கப்பல் ஏறப்போறோம்பா. போனெல்லாம் வாங்கி வச்சிடுவாங்க. இனி நேர்லதான்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "பெரிசா ஒண்ணும் பண்ணிடாதீங்கப்பா, பசங்க கிண்டல் பண்ணுவாங்க," என்றான். "ஒண்ணும் பண்ணலடா," என்றார் அப்பா. அதன்பின் எந்த வீட்டுக்கும் எந்தப் பிள்ளையிடமிருந்தும் பேச்சு மூச்சு இல்லை. அது இயல்புதான் என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை துணைத் தலைவர் அச்சகத்துக்குப் போனார். அழைப்பிதழின் மாதிரியைக் காட்டினார்கள். தலைவரின் படம் வந்திருந்தது, டாக்டரின் படம் வந்திருந்தது, அவருடைய படமும் ஓர் ஓரத்தில், பாதிக் காது வெட்டுப்பட்டு, வந்திருந்தது. வீரர்களைக் காணோம்.

"இடம் பத்தல சார்," என்றார் அச்சகக்காரர். "அதான் 'வருக வருக'ன்னு மட்டும் போட்டுட்டேன். யாரு வர்றாங்கன்னு ஊருக்கே தெரியுமே."

துணைத் தலைவர் கத்தினார். வீரர்களைப் போடச் சொன்னார், அப்படியே தன் காதையும் சரிசெய்யச் சொன்னார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார் அச்சகக்காரர். நாளை மாலைக்கு முன்னால் ஒரு பிரதிகூட வெளியே வராது. சரி, வெள்ளிக்கிழமைதானே கார், என்று துணைத் தலைவர் வீட்டுக்குத் திரும்பினார்.

மனைவி சோபா உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே அவள் சன்னல் பக்கம் திரும்பி, "ஏங்க!" என்று கூவினாள். "வந்தாச்சு! உங்க கார் வந்தாச்சு!"

அவர் ஒரு காலில் செருப்போடு சன்னலுக்குப் போனார்.

தெருமுனையில் சாம்பல் நிறக் கார் திரும்பிக்கொண்டிருந்தது. கையகலக் கொடி.

"வெள்ளின்னுதானே சொன்னீங்க?" என்றாள் அவள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "உங்க குழு எதத்தான் சொன்ன நாள்ல செஞ்சுது. ஐயையோ, மூஞ்சி எண்ணெய் வழியுது. இருங்க, கழுவிட்டு வந்துடறேன். நான் வர்றதுக்குள்ள கதவத் திறந்துடாதீங்க, நான்தான் திறக்கணும், டாக்டர் சொல்லியிருக்காரு."

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது. துணைத் தலைவர் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

தெருவிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்: அழைப்பிதழ் என்று ஒன்று இன்னும் உலகத்திலேயே இல்லை.

அந்தத் தெருவில் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பிய வீடு மூன்று. அவர் வீடு. டிரைவிங் ஸ்கூல் அம்மா வீடு. மூலையில் சலூன்காரர் வீடு, அவருக்கு மகள். மூன்றில் ஒன்று. மனம் தானாகவே கணக்குப் போட்டது. போட்ட கையோடு, அதில் இரண்டு அடுத்தவர் வீடு என்று ஆறுதலும் சொன்னது. அந்த ஆறுதல் வந்த இடத்தைப் பார்த்து அவருக்கே கூசியது. கூச்சத்துக்கு நேரமில்லை. ஒரு காலில் செருப்போடு தெருவில் இறங்கினார்.

தெரு முழுவதும் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. போன மாதம் வரை அதைக் கண்டால் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்ட தெரு இது. இப்போது பட்டாளத்தோடு சம்பந்தமே இல்லாத வீடுகளிலும் ஆட்கள் வாசலுக்கு வந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள். பல் தெரிந்தது, ஈறு தெரியவில்லை. எதிர் வீட்டு மாடியிலிருந்து பல் டாக்டர் போனில் கத்திக்கொண்டிருந்தார்: "தலைவரே, வந்துட்டாங்க! இன்னிக்கே! ஆமா, பேண்டு வாத்தியத்தோட வாங்க, சீக்கிரம்!"

சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "முதல்ல நம்ம வீடா, உங்க வீடா?" என்று சிரித்தார். துணைத் தலைவர் பதில் சொல்லாமல் அவரைத் தாண்டினார்.

கார் ஊர்ந்துகொண்டிருந்தது. வெளிர் மஞ்சள் சுவர், அடுத்து வெளிர் மஞ்சள் சுவர், அதற்கடுத்தும் வெளிர் மஞ்சள் சுவர். உள்ளே இருந்தவர்கள் குனிந்து குனிந்து இருபுறமும் பார்ப்பது தெரிந்தது. எண்ணைத் தேடுகிறார்கள். கிடைக்காது. தன் குழு செய்த ஒரு முட்டாள்தனத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் நன்றி சொன்னார். ஊர்ந்துகொண்டே இருக்கட்டும். அது எந்த வாசலிலும் நிற்காதவரை மூன்று பிள்ளைகளும் கப்பலில் இருக்கிறார்கள், சீட்டாடிக்கொண்டு, அப்பன் செய்யப்போகும் கூத்தை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு.

கார் அவர் பக்கத்தில் வந்து நின்றது. பின்கண்ணாடி இறங்கியது.

இளைஞன்தான். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. அவனுக்கு அப்பால் வயதான ஒருவர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் தொப்பி.

"ஐயா, ஒரு உதவி. இந்தத் தெருவுல வீட்டு நம்பரே காணோமே?"

"பெயிண்ட் அடிச்சிருக்கோம்."

"நீங்க இந்தத் தெருவா?"

"நான் துணைத் தலைவர்."

"எதுக்குங்க?"

அந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சிரிக்க முயன்றபடி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அழைப்பிதழ் கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டார். தெரிந்தேதான் கேட்டார். அச்சகக்காரர் பொய் சொல்லியிருக்கலாம். வேறொரு அச்சகம் இருக்கலாம். உலகத்தில் எத்தனையோ நடக்கிறது.

"என்ன அழைப்பிதழ்?" என்றான் இளைஞன்.

தெருவில் யாரோ சிரித்தார்கள். எங்கோ இரண்டு தெரு தள்ளி டிரம் ஒன்று தட்டிப் பார்க்கப்பட்டது.

"தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வந்து உக்காந்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு..."

"இல்லைங்க ஐயா. வேலையா வந்திருக்கோம். நம்பர் வந்து..." இளைஞன் பெரியவர் பக்கம் திரும்பினான். "இருபத்தி எத்தனைங்க?"

துணைத் தலைவரின் வீடு இருபத்தொன்று.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். இன்னொரு பையில் தேடினார். கண்ணாடி கிடைத்தது, அதைத் துடைத்தார். அவர் துடைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் துணைத் தலைவர் மகனைத் தொட்டிலில் பார்த்தார், பள்ளிக்கூட வாசலில் பார்த்தார், போனில் கேட்டார். கூடவே ஒரு பேரத்தையும் நீட்டினார்: இருபத்தொன்று மட்டும் வேண்டாம், வேறு எந்த எண் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். யாரிடம் நீட்டினார் என்று அவருக்கே தெரியாது.

"இருபத்தி மூணு," என்றார் பெரியவர்.

மூச்சு வந்தது. அத்தோடு குரலும் வந்தது. கூட்டங்களில் வருகிற அதே கணீர்க் குரல். "அதோ! அந்த நீல கேட்!" என்றார். கையை நீட்டியதும் அப்படித்தான்: சிறப்பு விருந்தினரை மேடைக்கு அழைக்கும்போது நீட்டுகிற மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க.

கார் நகர்ந்தது. கை நீட்டியபடியே நின்றது. அதை எப்படிக் கீழே இறக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

நீல கேட்டின் உள்ளே, வாசற்படியில், டிரைவிங் ஸ்கூல் அம்மா நின்றிருந்தாள். மணி அடிப்பதற்காகக்கூடக் காத்திருக்கவில்லை. கதவு விரியத் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓடினார். ஒற்றைச் செருப்பு எங்கோ கழன்றுகொண்டது. ஓடிப்போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. காருக்கு முன்னால் போய் அந்தக் கதவைச் சாத்திவிட முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது. அவர் கேட்டை எட்டியபோது இரண்டு பேரும் இறங்கியிருந்தார்கள். தொப்பிகள் கக்கத்தில். சீருடைக்காரர்களின் தோளுக்கு மேலாக அவள் அவரைப் பார்த்தாள்.

"சார்," என்றாள். சிரிப்பு இன்னும் கலையவில்லை. கலைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. "இதுவும் ஒத்திகைதானே சார்?"

எந்தத் தலைப்பு கொடுத்தாலும் அரைமணி நேரம் பேசக்கூடியவர். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். சீருடைகளைப் பார்க்கவில்லை. எதிரே வரும் வண்டி ஒதுங்குமா ஒதுங்காதா என்று தூரத்திலேயே கணித்துவிடுகிற கண் அது. சிரிப்பு முகத்திலிருந்து போகவில்லை; அந்த முகத்திலிருந்து அவள்தான் போய்விட்டாள்.

பெரியவர், "உள்ள போய்ப் பேசலாமா அம்மா?" என்றார்.

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் பேண்டு முழங்கிக்கொண்டு திரும்பியது. தீயணைப்பு நிலையத்து பேண்டு. பித்தளைக் குழல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அதற்குப் பின்னால் திறந்த ஜீப்பில் தலைவர், தோளில் ஒரு பட்டை, ஒரு கை மேலே. போட்டோக்காரர் பின்னோக்கி ஓடிக்கொண்டே படம் எடுத்தார். வாசல்களில் நின்றவர்கள் தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கினார்கள்.

டிரைவிங் ஸ்கூல் அம்மா சீருடைக்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். துணைத் தலைவரும் கூடவே ஓரடி எடுத்து வைத்தார்.

"நீங்க வேணாம் சார்," என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க. அவங்க சொல்றது எனக்குக் கேக்கணும்."

அவர் திரும்பி பேண்டை நோக்கி நடந்தார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு. அதைப் பார்த்த குழல்காரர்கள், வரவேற்கிறார் என்று நினைத்து, இன்னும் ஓங்கி ஊதினார்கள். "நிறுத்துங்க" என்றார். அவருக்கே கேட்கவில்லை. கைக்குட்டையைத் தலைவர் ஆட்டினால்தான் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. தலைவரோ கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணைத் தலைவர் பெரிய டிரம் அடிக்கும் தீயணைப்பு வீரரிடம் போனார். அந்த ஆள் கண்ணை மூடி லயித்து அடித்துக்கொண்டிருந்தான். அவர் இரண்டு கைகளாலும் டிரம்மைக் கட்டிக்கொண்டார். தடி அவர் விரல்மேல் இறங்கியது. இன்னொரு முறையும் இறங்கியது. மூன்றாவது அடிக்குக் கண் விழித்தவன் திடுக்கிட்டுக் கையை நிறுத்தினான். டிரம் நின்றதும் குழல்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன.

"என்னய்யா, பைத்தியமா உனக்கு?" என்று ஜீப்பிலிருந்து தலைவர் கத்தினார். "போட்டோக்காரன் நிக்கிறான்!"

துணைத் தலைவர் டிரம்மைக் கட்டிக்கொண்டே நின்றார். தோலுக்குள் இன்னும் ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது. தெரு அவரைப் பார்த்தது. பிறகு நீல கேட்டைப் பார்த்தது. கேட்டின் வெளியே நிற்கும் காரைப் பார்த்தது. சீருடைகள் உள்ளே நுழைந்தபின் சாத்தப்பட்ட வீட்டுக் கதவைப் பார்த்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பது ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வொரு நேரத்தில் உறைத்தது. சலூன்காரர் தன் வாசலிலேயே குந்தி உட்கார்ந்தார். எதிர் வாசலில் ஒருத்தி, கைதட்டிய கையால் வாயை மூடிக்கொண்டு, பின்னோக்கி நடந்தே வீட்டுக்குள் போனாள். ஒரு கதவு சாத்திக்கொண்டது. இன்னொன்று. மாடியில் டாக்டரைக் காணோம். தலைவர்கூட மெல்ல உட்கார்ந்து, தோள் பட்டையைக் கழற்றி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் சொருகிக்கொண்டார்.

அந்த அமைதியில்தான் இருபத்தொன்றாம் எண் வீட்டுக் கதவு விரியத் திறந்தது.

முகம் கழுவி, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு அவர் மனைவி வந்தாள். தெருவில் என்ன நடந்தது என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தில் பேண்டு மட்டும்தான் கேட்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி நிற்கும் காரைப் பார்த்தாள்.

"ஏங்க!" என்றாள். அந்த நிசப்தத்தில் அவள் குரல் தெருமுனை வரை போனது. "அவங்க வீட்டுக்கு மட்டும் போயிருக்காங்களா? நம்ம வீட்டுக்கு எப்ப வருவாங்க?"

துணைத் தலைவர் டிரம்மை விட்டார்.

"நீங்கதானே இத்தனை நாளா அலைஞ்சீங்க! நம்ம வீட்டுக்கு வராம போனா என்ன அர்த்தம்? கூப்பிடுங்க!" அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அவளே படியிறங்கி, காரை நோக்கிக் கையசைத்தாள். "தம்பி! டிரைவர் தம்பி! இங்கதான், இந்த வீடு! இங்கயும் வாங்க!"

அவர் ஓடிவந்து, தெரு என்றும் பார்க்காமல், வீங்கத் தொடங்கியிருந்த கையால் அவள் வாயைப் பொத்தினார். அவள் விழித்தாள், விரல்களுக்கடியில் இன்னும் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரில் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, எந்த வீடு என்று பார்த்துக்கொண்டிருந்தான்.